ஒரு சாண் கத்தி

எங்கள் குசினியில் வெட்டுப் பலகை வைக்கக் கிடைக்கிற இடம் 17 அங்குலம். இடது பக்கம் சுவர், வலது பக்கம் பாத்திரம் கழுவுகிற தொட்டி, பின்னால் மிளகாய்த்தூள், மஞ்சள், பெருஞ்சீரகப் போத்தல்கள் அடுக்கின ஒரு தட்டு. அந்த இடத்தில் நின்றுதான் அம்மாவும் நானும் கிழமை நாட்களில் 40 மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்கு வேண்டியதை வெட்டி முடிக்கிறோம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்து அலுவலகங்களுக்கு 11.30 மணிக்குள் பார்சல் போய்ச் சேர வேண்டும். ஆகவே காலை ஆறரையிலிருந்து பத்து மணிவரை என் கையில் கத்தி இருக்கும். இரண்டு வருடமாக, கோவா வெட்டும்போதெல்லாம் அந்தக் கத்தியின் நுனி பின்னால் நிற்கிற போத்தல்களில் ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டைக் கழற்றி மேலே பொருத்தினேன், அப்புறம் நுனி சுவரைத் தொட்டது. பலகையைச் சாய்த்து வைத்தேன், முழங்கை தொட்டியில் இடித்தது. நான் நிற்கிற விதத்தை மாற்றினேன். மாலையில் இடுப்பு நொந்தது.

அது அண்ணா ரொறன்ரோவிலிருந்து வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஜப்பான் கத்தி. 240 மில்லிமீற்றர். அதற்கு முன்பு வந்தபோது 210 கொண்டுவந்தார். இரண்டுமே கியுத்தோ என்கிற வகை, அதாவது எல்லா வேலைக்கும் எடுக்கிற சமையல்காரர் கத்தி. இரண்டையும் நான் நேசித்தேன், இரண்டிலும் எனக்கு ஒரு குறை இருந்தது. 210 எட்டவில்லை, 240 அடங்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று சொன்னபோது, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் பதில் சொன்னார்கள். 15 மில்லிமீற்றர் ஒரு பெரிய விஷயமா? கத்தி நல்லதென்றால் கை பழகிவிடும் என்றார் அண்ணா. சோறு சமைக்கிறவளுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றாள் அக்கா. நானும் பல நாள் அப்படி என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நல்ல கோவாவைப் பாதியாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் வைத்து வறைக்கு மெல்லிசாக அரிகிறோம் என்று வையுங்கள். 210 கத்தியின் நுனி கோவாவுக்குள்ளேயே நின்றுவிடும். அடியில் ஒரு தோல் விடாமல் பிடித்திருக்கும், நீங்கள் கத்தியை இன்னொரு முறை இழுக்க வேண்டும். ஒரு கோவாவுக்கு நூறு தரம் இழுக்கிற இடத்தில் நூற்றைம்பது தரம் என்றால், மூன்று கோவாவுக்கு மணிக்கட்டு எப்படி இருக்கும்? மீனிலும் அதுதான் கதை. கொட்பேயிலிருந்து வருகிற நல்ல அறுக்குளாவின் முள் எடுத்த சதையை ஒரே இழுப்பில் துண்டு போட்டால் வெட்டின முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தால் அந்த இடத்தில் ஒரு படி விழும். குழம்பில் கொதிக்கும்போது அந்தப் படியிலிருந்துதான் துண்டு உடையும். 240இல் இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. கோவா, மீன், பூசணிக் கீற்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் போகும். ஆனால் நுனி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. சின்ன வெங்காயம் அரியும்போதும் வல்லாரையைச் சம்பலுக்குப் பொடியாக நறுக்கும்போதும், கண் விரலில் இருக்கிறது, நுனி எங்கோ போத்தல்களுக்குள் இருக்கிறது. கூர்மையான ஒன்றின் முனை எங்கே என்று தெரியாமல் வேலை செய்வது எனக்குப் பிடிக்காது.

இது வெறும் எண்ணமில்லை என்று எனக்கே காட்டினது அந்தக் கத்திதான். அது துருப்பிடிக்கிற வகை உருக்கு. ஷிரோகாமி என்பார்கள், வெள்ளைக் காகிதம் என்று அர்த்தம். யசுகி என்ற ஊரின் உருக்காலையில் ஒவ்வொரு வகை உருக்கிலும் ஒவ்வொரு நிறக் காகிதத்தை ஒட்டிவைத்ததால் வந்த பெயர். உப்புவெளிக் காற்றில் இப்படி ஒரு கத்தியை ஐந்து நிமிடம் ஈரத்தோடு விட்டால் செம்மஞ்சள் புள்ளி வந்துவிடும். அதனால் இடுப்பில் எப்போதும் ஒரு காய்ந்த துணி. ஒழுங்காகத் துடைத்துத் துடைத்துப் பாவித்தால் வெங்காயமும் தேசிக்காயும் மீனும் சேர்ந்து அலகில் ஒரு சாம்பல் நீல நிறத்தை ஏற்றும். அது துருவில்லை, துருவைத் தடுக்கிற மேல்தோல். ஒரு வருடம் போன பிறகு ஒரு நாள் கத்தியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிடிப் பக்கத்துக் குதியிலிருந்து நுனிப்பக்கம் போகும்வரை கரும் நீலம். கடைசி ஒன்றரைச் சென்றிமீற்றர் மட்டும் கடையில் வாங்கின அன்றுபோல வெள்ளையாக இருந்தது. அந்தத் துண்டு எதையும் வெட்டவேயில்லை. ஒரு வருடமாக அதைச் சும்மா சுமந்திருக்கிறேன்.

30 மில்லிமீற்றர் படி

சரி, 225இல் ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்கினேன். கடைகளின் பட்டியலில் 180, 210, 240, 270, 300 என்று படி படியாக ஏறும். ஒவ்வொரு படிக்கும் 30. ஏன் 30 என்று யோசித்தால் அதற்குப் பின்னால் ஒரு பழைய அளவு இருக்கிறது. சுன் என்பது ஜப்பானியர் அங்குலம். 1891இல் அவர்கள் அளவைச் சட்டம் ஒரு ஷாக்குவை, அதாவது அவர்கள் அடியை, ஒரு மீற்றரின் 33இல் 10 பங்கு என்று வரையறுத்தது, அதில் பத்தில் ஒன்று சுன். ஆகவே ஒரு சுன் 30.3 மில்லிமீற்றர். 7 சுன் 212, 8 சுன் 242, 9 சுன் 273. வியாபாரத்தில் மெற்றிக் அளவுதான் என்று 1950களின் கடைசியில் ஆன பிறகும், கொல்லர்களின் கை பழைய படிகளிலேயே நின்றுவிட்டது. மிச்ச மில்லிமீற்றரை விட்டுவிட்டு 210, 240 என்று எழுதிக்கொண்டார்கள். கத்தி உறையும் அந்த அளவில்தான் வருகிறது, பெட்டியும் அந்த அளவில்தான், கடைக்காரர் ஓடர் கொடுப்பதும் அந்த அளவில்தான். அரைப் படியில் நிற்கிற 195, 225 என்பவற்றைச் சிலர் அடிக்கிறார்கள். கொஞ்சமாக அடிக்கிறார்கள், வந்த கையோடு விற்றுப்போகிறது.

திருகோணமலையில் கிடைக்கிற கத்திகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெயின் வீதிக் கடைகளில் எங்கள் ஊர்த் தேவைக்கு ஏற்ற கத்திகள் இருக்கின்றன, மீன் வெட்ட அவை நல்லவை. கொழும்பில் புறக்கோட்டைவரை போய்ப் பார்த்தேன். அங்கே ஐரோப்பியப் பாணிக் கத்திகள் 8 அங்குலம், 10 அங்குலம் என்று வருகின்றன. 8 அங்குலம் 203 மில்லிமீற்றர், 10 அங்குலம் 254. அந்த ஏணியிலும் என் படி இல்லை, இடைவெளி இன்னும் பெரிது. வெளிநாட்டுக் கடையொன்று 225 இருக்கிறது என்று அண்ணாவிடம் பணம் வாங்கியது. இரண்டு மாதம் கழித்து, அந்த அளவு இனி வராது, 210 அனுப்பட்டுமா என்று கேட்டது. பணம் திரும்பி வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கத்தியால் மனதுக்குள் கோவா அரிந்திருந்தேன். அன்று இரவு அம்மா சொன்னதற்கும் எரிந்து விழுந்தேன். பாவம், அவ சோதிக்குப் பால் காணுமா என்றுதான் கேட்டவ.

அம்மாவுக்கும் இந்தக் கத்திக்கும் இடையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கியுத்தோ என்றால் மாட்டுக் கத்தி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேய்ஜி காலத்தில், ஜப்பானில் மாட்டிறைச்சி உண்ணும் பழக்கம் பரவியபோது ஐரோப்பியச் சமையல்காரர் கத்தியைப் பார்த்து அவர்கள் செய்துகொண்ட வடிவம் இது. இதை அண்ணா தொலைபேசியில் விளக்கமாகச் சொல்ல, வெள்ளிக்கிழமையில் காளி கோயிலுக்குப் போகாமல் சோறு தொடாத அம்மா, "அந்தப் பேர் இந்த வீட்டில வேண்டாம் தம்பி" என்று முடித்துவிட்டா. அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு நெட்டைக் கத்தி என்றுதான் பெயர். 210க்குக் கட்டைக் கத்தி.

கம்மாலை

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. 225 கிடைக்கவில்லை என்றால் 240ஐக் குறைத்தால் என்ன? எப்படியும் நுனித் துண்டு வேலை செய்யாமல் வெள்ளையாகவே கிடக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு முனையைத் தீட்டினால் முடிந்தது. லேத் வேலை செய்கிற ஓர் இடத்தில் கேட்டேன், ஐந்து நிமிட வேலை, கிரைண்டரில் பிடித்தால் சரி என்றார்கள். கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிற வழியில் மனம் ஒப்பவில்லை. அநுராதபுரச் சந்தி தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் கம்மாலை வைத்திருக்கிற ஐயாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுத் தேங்காய்க் கத்தியும் மீன் தலை பிளக்கிற கத்தியும் அவர் லொறி வில்லுத் தகட்டில் அடித்துத் தந்தவை. முள், தலை, நண்டு, தேங்காய் எல்லாம் இன்றும் அவற்றில்தான். ஜப்பான் கத்தியை முள்ளில் போட்டால் வாய் சில்லுச் சில்லாக உடையும். ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று முச்சக்கரவண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம். கம்மாலைக் கூரைத் தகரம் படபடத்துக்கொண்டிருந்தது. ஐயா உலையை அணைத்துவிட்டு வெத்திலை போட்டுக்கொண்டு இருந்தார். துணியைப் பிரித்துக் கத்தியைக் கையில் கொடுத்தேன். அவர் முதலில் வாயைப் பார்க்கவில்லை. முதுகை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் குதியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்தார். பிறகு மறுபடி இழுத்தார். பிறகு அலகை வெளிச்சத்துக்குச் சரித்து, வாய்க்கு மேலே ஓடுகிற மங்கலான கோட்டைக் காட்டி, "நடுவில உருக்கு, ரெண்டு பக்கமும் பச்சிரும்பு. எங்கட அப்பா கோடாலிக்கு இப்பிடித்தான் உருக்கு வைப்பார்" என்றார். ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலே யாரோ ஒருவர் அடித்ததை அவர் ஒரு பார்வையில் படித்துவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். நுனியிலிருந்து 15 மில்லிமீற்றர் எடுக்க வேண்டும். ஐயா என் இரண்டு விரலைப் பிடித்து அதே முதுகில் வைத்து இழுக்கச் சொன்னார். "குதியில என்ன தடிப்பு, நுனியில என்ன தடிப்பு எண்டு பாருங்கோ பிள்ளை." குதியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையின் தடிப்பு, நுனியில் பனை ஓலை. வழியெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகிறது. இரண்டு வருடம் அந்தக் கத்தியைப் பிடித்திருக்கிறேன், இதை ஒரு நாளும் விரலால் பார்த்ததில்லை. "இந்த நுனியை எடுத்தா, அங்கால நிக்கிற தடிச்ச இடம்தான் உங்களுக்கு நுனி. வெங்காயத்துக்க போகாது. அதுவும் கிரைண்டரில பிடிச்சா நீலம் பாயும். நீலம் பாஞ்சா பதம் போச்சு." அது எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் போகப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்ட பிறகு பதம் பார்ப்பது 200 பாகை வாக்கில். இந்தச் சூட்டு நீலம் தெரிவது 300 பாகை வாக்கில். கிரைண்டர் கல்லில் மெல்லிசான நுனி அந்தச் சூட்டுக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். போன பதத்தைத் திரும்பக் கொண்டுவர முழுக் கத்தியையும் உலையில் வைக்க வேண்டும்.

நான் பேசாமல் நின்றேன். ஐயாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இது எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"240, ஐயா."

"240 எண்டா எங்கயிருந்து எங்கமட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியில் 240 என்று இருந்தது, கடையில் 240 என்று இருந்தது, அண்ணா 240 என்று சொன்னார். நான் ஒரு நாளும் அளக்கவில்லை. ஐயா இரும்பு அடிமட்டத்தை எடுத்தார். வாயின் குதியிலிருந்து நுனிவரை 243. பிடி தொடங்குகிற இடத்திலிருந்து நுனிவரை 256. இந்த இரண்டில் எது அந்த 240? இரண்டும் இல்லை. நான் இத்தனை நாள் ஓர் அளவு என்று நினைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு பெயர். 8 சுன் கத்திக்கு வைத்த பெயர்.

பிறகு அவர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் வலது கையை விரித்து அலகின் மேல் வைத்தார். பெருவிரல் குதியில். சுண்டுவிரல் நீண்டு போய் நின்ற இடத்தை நான் பார்த்தேன். கரு நீலம் முடிந்து வெள்ளை தொடங்குகிற இடம். அந்த இடத்திலேயே அவருடைய சுண்டுவிரல் நகம் நின்றது. ஒரு வருடமாக என் கை அந்த அலகில் எழுதி வைத்திருந்த கோட்டை அவர் கையால் தொட்டுக் காட்டினார். அவருக்கு அது தெரியாது, அவர் பாட்டுக்கு அளந்தார். "உங்களுக்கு வேணுமெண்டது ஒரு சாண் கத்தி பிள்ளை. அதைக் கேட்டு வாங்காம ஏன் இதை வெட்டப் போறீங்க?"

எங்கிருந்து எதுவரை

வீட்டுக்கு வந்து பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தச்சர் கணக்கில் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். முழம் 18 அங்குலம் என்றால் சாண் 9 அங்குலம், அதாவது 228 மில்லிமீற்றரும் கொஞ்சமும். ஒரு விரல் முக்கால் அங்குலம், 19 மில்லிமீற்றர். இந்தக் கணக்கில் கட்டைக் கத்தி 11 விரல், நெட்டைக் கத்தி 13 விரலுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் 12 விரல், முழுச் சாண். ஜப்பானியர் ஏணியில் இரண்டு படிக்கு நடுவில் கால் வைக்க இடமில்லாத வெற்றிடமாக இருந்தது எங்கள் ஏணியில் ஒரு முழுப் படி, பெயர் உள்ள படி. எண் சாண் உடம்பு என்றும் ஒரு சாண் வயிறு என்றும் பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். அந்த அளவை நான் பட்டியல்களில் 225 என்று தேடி இல்லை இல்லை என்று அலைந்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு வந்த நிம்மதி பெரியது. நான் கேட்டது அரைகுறை அளவு இல்லை.

ஐயாவின் கேள்வியை அப்படியே அண்ணாவிடம் சொன்னேன். அங்கே மத்தியானம், இங்கே இரவு 9.30. "அண்ணா, 225 கேக்காதேங்கோ. அடிமட்டம் ஒண்டு கொண்டு போங்கோ. 240 எண்டு வைச்சிருக்கிற எல்லாத்திலயும் வாயை மட்டும் அளவுங்கோ." அண்ணா முதலில் தயங்கினார். கடையில் போய் ஒவ்வொரு கத்தியாக எடுத்து அளப்பது எப்படி என்றார். அப்புறம் போனார். கடைக்காரர் சந்தோசமாக ஒரு மேசையையே ஒதுக்கிக் கொடுத்தாராம். எனக்குப் படம் வந்தது. 240 என்ற பெயரில் வரிசையாக ஐந்து கத்தி, பக்கத்தில் அடிமட்டம். ஒன்று 244, ஒன்று 242, இரண்டு 236, கடைசிக் கத்தி 228.

அந்தக் கடைசிக் கத்தி சாக்காயிலிருந்து வந்தது. ஒசாக்காவுக்குப் பக்கத்து நகரம். அங்கே பல பேர் நீளத்தைப் பிடி தொடங்குகிற இடத்திலிருந்து அளக்கிறார்கள். பிடிக்கும் வாயின் குதிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கிட்ட இடைவெளி இருக்கும், அதுவும் கணக்கில் சேரும். ஆகவே அவர்கள் 240இல் வாய் 230ஐ ஒட்டி நிற்கும். வேறு ஊர்களில் வாயையே அளக்கிறவர்களும் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை, அவரவர் ஊர் வழக்கம். சாக்காயில் ஒருவர் அடிக்கிறார், ஒருவர் தீட்டுகிறார், ஒருவர் பிடி போடுகிறார். ஒரு கத்தி பல கை மாறித்தான் பெட்டிக்குப் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அந்த நாட்டுக்குப் புகையிலையைக் கொண்டுபோக, அதை அரிகிற கத்தி செய்துதான் சாக்காய் கொல்லர்கள் பேரெடுத்தார்கள் என்று அண்ணா எங்கோ வாசித்துச் சொன்னார். கேட்டபோது எனக்கு மனம் ஒரு கணம் நின்றது. அதே போர்த்துக்கேயர்தான் 1620களில் எங்கள் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள். அந்தக் கோட்டை வாசலால்தான் நாங்கள் இன்றும் சுவாமி தரிசனத்துக்குப் போகிறோம்.

போன ஆவணியில் அண்ணா குடும்பத்தோடு வந்தார். கத்தி விமானத்தில் கீழே போடுகிற பெட்டிக்குள்தான் வரலாம், அவர் அதைப் பிள்ளைகளின் உடுப்புக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தார். இந்த முறை துருப்பிடிக்காத வகை, கின்சான் என்கிற உருக்கு. உப்புக் காற்றுக்கு அது போதும் என்று நான்தான் சொன்னேன், கடைசியாக ஒரு முறை துடைக்க மறந்தாலும் காலையில் மனம் பதறாது. கல்லில் அது வெள்ளைக் காகித உருக்கு மாதிரிச் சட்டென்று இணங்காது, கொஞ்சம் கூடத் தேய்க்க வேண்டும். ஆனால் தீட்டினால் கூர் நன்றாக ஏறுகிறது. முதல் நாள் நான் அதைக் கழுவிப் பலகையில் வைத்து, பின்னால் போத்தல்களைப் பார்த்தேன். நுனிக்கும் மஞ்சள் போத்தலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். கோவாவை வைத்து இழுத்தேன். அடித்தோல் வரை விட்டது. நுனி பலகையிலேயே நின்றது, என் கண்ணுக்கு முன்னால். மூன்றாவது கோவாவில்தான் நான் கத்தியைப் பற்றி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பத்து மணிக்கு முடிகிற வேலை அன்று ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. அதைவிடப் பெரிது, மாலையில் இடுப்பு நோகவில்லை.

15 மில்லிமீற்றர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு தரம் கத்தி எடுக்கிறவருக்கு இல்லை. மூன்று மணித்தியாலம் பிடிக்கிறவருக்கு அது ஆயிரம் தரம் வரும். செருப்பு அரை அளவு பெரிதாக இருந்தால் கடைக்குப் போய் வரலாம், கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போக முடியாது.

புதுக் கத்தியை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அன்று உலை எரிந்துகொண்டிருந்தது, மண்வெட்டி ஒன்று சிவந்து கிடந்தது. அதை முடித்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். முன்பு போலவே முதுகை விரலால் இழுத்துப் பார்த்தார், கையை விரித்து வைத்தார். பெருவிரல் குதியில், சுண்டுவிரல் நுனியில். தலையை ஆட்டினார். பிறகு என் கையை வைக்கச் சொன்னார். என் சாண் ஒன்றரை விரல் குறைந்து நின்றது. "இது என்ர சாண் பிள்ளை, உங்கட இல்லை" என்றார். நான் யோசித்துவிட்டு, எங்கள் பலகைக்கும் கோவாவுக்கும் உங்கள் சாண்தான் சரியாக வருகிறது ஐயா என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைத் துணியில் சுற்றித் தந்தபோது, முள்ளில் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காசு தர நீட்டினேன், அளந்ததற்குக் காசா என்று வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வெள்ளி இரண்டு பார்சல் மரக்கறிச் சோறு அனுப்பினேன்.

கட்டைக் கத்தியை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனா. அவவின் பலகை சின்னது, ஆள் கணக்கும் சின்னது, அவவுக்கு அது அளவு. நெட்டைக் கத்தியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்சல் வேலை இல்லை. முழு மீன் வாங்கினால் இப்போது குசினிக்குள் கொண்டுபோவதில்லை. விறாந்தையில் பழைய சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, மேலே கடதாசி விரித்து, வேப்பம் பலகையை வைக்கிறோம். தலையையும் நடுமுள்ளையும் அம்மா வில்லுத் தகட்டுக் கத்தியால் எடுத்துத் தருவா. எடுத்த சதையை நான் நெட்டைக் கத்தியால் நீளமாக இழுத்துத் துண்டு போடுவேன். அங்கே பின்னால் சுவரும் இல்லை, போத்தலும் இல்லை. போன கிழமை துடைக்கும்போது பார்த்தேன், நுனியில் வெள்ளையாக இருந்த துண்டிலும் நீலம் ஏறத் தொடங்கியிருக்கிறது.